மடியில் வைக்கக் கொடுத்த பை

திருநெல்வேலி டவுன் பஸ்ஸில் நிற்கிறவர்கள், உட்கார்ந்திருக்கிறவர்கள் மடியில் தங்கள் பையைக் கொடுத்துவிடுவார்கள். கேட்டு அனுமதி வாங்குவதெல்லாம் கிடையாது. பையை நீட்டினால் எதிரில் இரண்டு கைகள் தாமாகவே நீளும். இறங்க வேண்டிய இடம் வந்ததும் ஒரு குரல் கொடுத்தால் பை தலைகளுக்கு மேலே கைமாறி வந்து சேரும். இப்போது பஸ்ஸையும் ரயிலையும் ஒரே சீட்டில் இணைக்கப் போவதாகப் பேப்பரில் எழுதுகிறார்கள். எழுதட்டும். எங்கள் காலத்தில் இணைப்பு என்று இருந்ததெல்லாம் இந்த மடியும் இந்தக் கைகளும்தான். அவற்றை நம்பி நான் ஒரு காலைப்பொழுது பட்ட பாட்டை எழுதுகிறேன்.

நான் அம்பாசமுத்திரத்தில் பொதுப்பணித்துறையின் கால்வாய்ப் பிரிவில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். எண்ணுவதுதான் வேலை. மதகு எத்தனை, பலகை எத்தனை, உடைந்தது எத்தனை. ஓய்வு பெற்ற பிறகும் அது விடவில்லை. பஸ்ஸில் ஏறினால் இருக்கைகளை எண்ணுவேன், பிறகு நிற்கிறவர்களை. "நீங்க உக்காருறதுக்கு முன்னாடி உங்க கண்ணு எல்லா சீட்லயும் உக்காந்து எந்திரிச்சிருது" என்று என் மனைவி சொல்வாள்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஆவணி மாதம். அவள் கழுத்தில், வலது காதுக்குக் கீழே நெறி கட்டியிருந்தது. காய்ச்சலுக்கோ காயத்துக்கோ கட்டுகிற நெறி தானாக வற்றிவிடும். இது வற்றவில்லை. கொண்டைக்கடலை அளவில் இருந்தது நெல்லிக்காய் அளவுக்கு வந்தது. எங்கள் ஊர் டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, அதை முழுதாக எடுத்துவிடலாம், எடுத்ததைப் பாளையங்கோட்டையில் சோதனைக்குக் கொடுத்தால்தான் நல்லதா கெட்டதா என்று தெரியும் என்றார். கெட்டது என்றால் திருவனந்தபுரம் போய்க் கரண்டு, அதாவது கதிர்வீச்சு, வைக்க வேண்டும். என் மனைவியின் அக்கா அப்படிப் போனவள். ரயிலில் உட்கார்ந்து போனவள், உடலாக வேனில் வந்தாள்.

"எடுக்கட்டும்" என்றாள் என் மனைவி. "ஆனா ஒரு தடவைதான். இன்னொரு தடவை என் கழுத்துல கத்தி வைக்க விடமாட்டேன். சொல்லிட்டேன்."

இன்னொரு தடவை எடுக்க அங்கே ஒன்றும் இல்லை என்றும் டாக்டர் சொல்லியிருந்தார். இருந்தது அந்த ஒரு நெறிதான். அதை எடுத்துப் பாட்டிலில் போட்டு, மூடி, செய்தித்தாளைச் சுற்றிச் சணலால் கட்டி, தாளின் மேல் பிளாஸ்திரி ஒட்டிப் பெயரை எழுதினாள் நர்ஸ். கட்டுவதற்கு முன்னால் என்னிடம் காட்ட வந்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். "குலுங்காம நிமிர்த்தியே கொண்டு போங்க. நாளைக்கி மதியத்துக்குள்ள கொடுத்துருங்க" என்று டாக்டர் எழுதிய சீட்டைத் தனியாகத் தந்து, பாட்டிலை ஒரு மஞ்சள் பையில் வைத்துக் கொடுத்தாள். ஏதோ கல்யாணத்தில் தேங்காய் பழம் போட்டுக் கொடுத்த பை.

மறுநாள் காலை பாசஞ்சரில் ஏறினேன். பஸ் குலுக்கும் என்றுதான் ரயில். கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மகாதேவி என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் பையை இரண்டு கையாலும் பிடித்தபடி இருந்தேன். எதிரில் இருந்தவர் வெற்றிலை நீட்டினார். கையை எடுக்க மனமில்லாமல் தலையை ஆட்டினேன். பேட்டையைத் தாண்டியதும் வண்டி சிக்னலுக்காக நின்றது. நின்றது நின்றதுதான். ஜங்ஷனில் இறங்கும்போது ஆபீஸ் நேரத்துக் கூட்டம் முழுவதும் பஸ் நிலையத்தில் இருந்தது. ஆட்டோ பிடித்திருக்கலாம். அந்தக் குண்டும் குழியுமான சாலையில் ஆட்டோ பஸ்ஸைவிட மோசமாகத் தூக்கிப் போடும் என்று எனக்கு ஒரு கணக்கு.

பாளையங்கோட்டை வழியாக ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குப் போகிற பஸ்ஸில் ஏறினேன். முன் கண்ணாடிக்குக் கம்பிவலை அடித்திருந்தது. அந்த வருஷங்களில் மாவட்டத்தில் எங்காவது ஒரு ஊரில் சாதிச் சண்டை மூளும், சம்பந்தமில்லாத பஸ்ஸின் மேல் கல் விழும். அதனால் வலை.

"உள்ள போங்க, உள்ள போங்க. நடுவுல கபடி வெளையாடலாம் போல காலியாக் கெடக்கு" என்றார் கண்டக்டர்.

"நீ வந்து வெளையாடு வே, நாங்க பாக்கோம்" என்றது ஒரு குரல்.

ஆற்றுப்பாலத்தில் ஏறும்போது டிரைவர் வண்டியைச் சட்டென்று ஒடித்தார். என் கை கம்பியிலிருந்து நழுவியது. பை ஒருவர் முழங்காலில் இடித்தது. இனி முடியாது, கம்பியை இரண்டு கையாலும் பிடித்தால்தான் நிற்க முடியும் என்று தெரிந்துவிட்டது. பெண்கள் பக்கத்து இருக்கையில் பச்சைச் சேலை உடுத்த ஒரு இளம்பெண் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஏற்கெனவே ஒரு பை. நான் பையை நீட்டியதும் வாங்கிக்கொண்டாள். "நிமிர்த்தி வச்சுக்கம்மா" என்றேன். "சரிங்க சார்" என்றாள்.

வண்ணாரப்பேட்டையில் ஒரு கல்லூரிக் கூட்டம் ஏறி என்னைப் பின்பக்கம் தள்ளிக்கொண்டு போனது. அவள் தலை தெரியவில்லை. அதற்குப் பிறகு நான் எண்ணவில்லை.

பாளையங்கோட்டை மார்க்கெட் நிறுத்தத்தில் "என் பை, மஞ்சப் பை" என்று குரல் கொடுத்தேன். தலைகளுக்கு மேலே ஒரு மஞ்சள் பை வந்தது. வாங்கிக்கொண்டு இறங்கினேன். பஸ் போய்விட்டது. நாலு எட்டு நடந்த பிறகுதான் பை கனமாக இருப்பது உறைத்தது. உள்ளே ஒரு எவர்சில்வர் தூக்குச் சட்டி. திறந்து பார்த்தேன். தயிர்ச் சோறு, ஓரத்தில் நார்த்தங்காய் ஊறுகாய்.

அந்தச் சாலையோரத்தில் எனக்குத் தோன்றிய முதல் எண்ணம் இதுதான்: அவள் மத்தியானம் பையைத் திறப்பாள். சோற்றுக்குக் கைவிட்ட இடத்தில் தாள் சுற்றிய பாட்டில் இருக்கும். தாளைப் பிரிப்பாள். அலறித் தூக்கி எறிவாள். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். எறிந்துவிட்டால் என் மனைவிக்குத் திருவனந்தபுரமா இல்லையா என்பது கடைசிவரை தெரியப் போவதில்லை.

பஸ்ஸின் எண்ணை நான் பார்க்கவில்லை. ஜன்னல் எத்தனை என்று கேட்டால் சொல்லியிருப்பேன். பாளை பஸ் நிலையத்துக்கு ஓடி, டைம் கீப்பர் கூண்டின் முன்னால் நின்று சட்டைப்பையிலிருந்த பஸ் சீட்டை நீட்டினேன். அவர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணாச்சி, சீட்டுக்குச் சில்லறை தரலையா?"

"பை மாறிப் போச்சு."

"தினம் மாறுது. சாயங்காலம் டிப்போவுல வந்து பாருங்க. ஏழெட்டுக் குடை, ரெண்டு பல்செட்டு எல்லாம் கெடக்கு."

"சாயங்காலம் வரை முடியாது. உள்ள இருக்கது கெட்டுப் போயிரும்." வேறெப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஐகிரவுண்டு போன வண்டிதானே? அங்கன போயி ஆளை ஏத்திக்கிட்டுத் திரும்புவான். எதிர்ப்பக்கம் நில்லுங்க. கண்டக்டர் மீசை வச்சிருப்பான். பாத்தா மெரட்டுத மாதிரி இருக்கும், பயப்படாதீங்க."

எதிர்ப்பக்கம் நின்றேன். தனியார் பஸ்ஸும் அரசு பஸ்ஸும் ஒன்றையொன்று முந்திக்கொண்டு வந்தன. எல்லாக் கண்டக்டருக்கும் மீசை இருந்தது. நல்லவேளை, கம்பிவலையில் ஒரு மூலை நெளிந்திருந்ததைப் பார்த்த ஞாபகம் இருந்தது. அந்த நெளிசலைக் கண்டதும் சாலையில் இறங்கிக் கையை விரித்து மறித்துவிட்டேன். டிரைவர் பிரேக் போட்டுத் தலையை வெளியே நீட்டினார்.

"சாகணும்னா ஆத்துப் பக்கம் போரும். என் வண்டிதான் கெடச்சுதா?"

கண்டக்டர் இறங்கி வந்தார். நான் தூக்குச் சட்டியைக் காட்டிச் சொன்னேன்.

"பச்சைச் சேலையா? அது டீச்சரம்மா. சமாதானபுரம் தாண்டி ஸ்கூல்கிட்ட இறங்குவாவ. தினம் வாறவிய. உம்ம பையில என்ன இருக்கு, பணமா?"

"இல்ல."

"நகையா?"

"சதை" என்றேன்.

"கறியா? எத்தனை கிலோ? அதுக்கா ரோட்டுல வந்து விழுதீரு?"

"என் சம்சாரத்துக்கு ஆபரேஷன் பண்ணி எடுத்தது. டெஸ்ட்டுக்குக் கொடுக்கணும்."

கண்டக்டர் ஒரு நிமிஷம் என் கையிலிருந்த சட்டியைப் பார்த்தார். பிறகு விசிலை எடுத்து, எதிரே வந்துகொண்டிருந்த பஸ்ஸைப் பார்த்து நீளமாக ஊதினார். அது தனியார் பஸ். இவர்கள் இருவருக்கும் தினம் ஆள் பிடிப்பதில் சண்டை. இரண்டு டிரைவர்களும் ஜன்னலோடு ஜன்னலாக நிறுத்தினார்கள். பின்னால் ஹாரன் கத்தியது.

"ஏலே, இவியள ஸ்கூல் வாசல்ல இறக்கி விடு. ஸ்டாப்பு இல்லைன்னு சட்டம் பேசாத."

"எங்க வண்டியில ஏத்த உனக்கு எப்பலே மனசு வந்துச்சு?"

"நாளைக்கி வந்து சண்டை போடு. இப்பப் போ."

அந்தப் பஸ்ஸில் யாரோ எழுந்து எனக்கு இடம் கொடுத்தார்கள். நான் உட்காரவில்லை. பள்ளி வாசலிலேயே இறக்கிவிட்டார்கள். கேட்டில் இருந்த காவல்காரர் என் சட்டியைப் பார்த்ததும், "டீச்சர் சாப்பாடா? உள்ள போங்க" என்றார். என்னை அவளுடைய அப்பா என்று நினைத்திருக்க வேண்டும். நான் திருத்தவில்லை.

பச்சைச் சேலைக்காரி வகுப்பிலிருந்து வெளியே வந்தாள். சட்டியைப் பார்த்ததும் சிரித்தாள். "நான் இன்னும் பையையே தொறக்கலை சார். வந்ததும் ஆயாகிட்ட கொடுத்து சயின்ஸ் ரூம்ல வைக்கச் சொன்னேன். எப்பவும் அங்கதான் வைப்பேன்."

சயின்ஸ் ரூமுக்குப் போனோம். மேஜையில் என் மஞ்சள் பை மடித்து வைத்திருந்தது. காலியாக.

ஆயா என்று அவள் சொன்னது ஐம்பது வயதுக்காரப் பணியாளர் அம்மா. கூப்பிட்டுக் கேட்டதும் இயல்பாகச் சொன்னாள்: "சோத்துச் சட்டி இல்லையேன்னு தாளைப் பிரிச்சுப் பாத்தேன். பாட்டில்ல சதை. பாடம் நடத்தப் புதுசா வாங்கிட்டு வந்திருக்கியன்னு நெனச்சு அலமாரியில எடுத்து வச்சிட்டேன், டீச்சர்."

"பேரு ஒட்டியிருந்த தாளு?" என்றேன்.

"அடுப்புக்குப் போட்டாச்சு."

டீச்சர் அலமாரியைத் திறந்தாள். தவளை, ஓணான், நட்டுவாக்காலி, சுருண்டு கிடக்கிற பாம்பு. அவற்றுக்கிடையே சின்னச் சின்னப் பாட்டில்களில் ஏதேதோ. பெயர் ஒட்டிய தாள்கள் எப்போதோ உரிந்து போயிருந்தன. டீச்சர் ஜூனில்தான் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். முந்தைய டீச்சர் கறிக்கடையில் சொல்லிவைத்து ஆட்டு உறுப்புகளாக வாங்கிப் போட்டு வைத்தது எல்லாம் என்றாள். ஒரே அளவுள்ள இரண்டு பாட்டில்களை எடுத்து மேஜையில் வைத்தாள். இரண்டிலும் நெல்லிக்காய் அளவில் சாம்பல் நிறத்தில் ஒரு துண்டு.

"இதுல எது சார்?"

நான் பார்த்ததில்லை. நர்ஸ் காட்டியபோது திரும்பிக்கொண்டவன்.

"தண்ணி தெளிவா இருக்கதுதான் புதுசு" என்றாள் டீச்சர். ஒன்று தெளிவாகத்தான் இருந்தது. மற்றதும் ஏறக்குறைய அப்படித்தான்.

"போன வாரம் இன்ஸ்பெக்‌ஷன்னு எல்லாத்துக்கும் மருந்துத் தண்ணி மாத்துனேன்" என்றாள் ஆயா. சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். "நீ எங்க வச்ச, அதைச் சொல்லு" என்று டீச்சர் கேட்டதற்கு, "இங்கனதான். முன்னாடி. இல்ல, இதை ஒதுக்கிட்டு வச்சனோ" என்று கையை அங்கும் இங்கும் காட்டினாள். இன்னும் கேட்டால் அழுதுவிடுவாள் போலிருந்தது.

இரண்டையும் பையில் போட்டுக்கொண்டேன். டீச்சர் சோற்றில் பாதியைச் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள். என்னால் அந்தச் சட்டியைப் பார்க்கவே முடியவில்லை.

மார்க்கெட் அருகே இருந்த பரிசோதனைக்கூடத்து டாக்டர் நடந்ததைக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சீட்டு ஒண்ணு. துண்டு ரெண்டு. சரி, ரெண்டையும் பாக்கேன். அடுத்த வெள்ளிக்கிழமை வாங்க" என்றார்.

வீட்டில் எல்லாவற்றையும் மனைவியிடம் சொன்னேன். கழுத்துக் கட்டோடு படுத்திருந்தவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். முடிந்ததும், "அப்போ ஒரு வாரம் அந்தப் பள்ளிக்கூடத்து ஆட்டுக்கும் எனக்கும் ஒரே தலையெழுத்துன்னு சொல்லுங்க" என்றாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். வெகுநேரம் தூங்கவில்லை.

வெள்ளிக்கிழமை பஸ் ஓடவில்லை. முந்தின நாள் ஏதோ ஊரில் வெட்டு என்றார்கள், சிலை என்றார்கள். ஆளுக்கொன்று சொன்னார்கள். ரயில் மட்டும் வந்தது. ஜங்ஷனில் இறங்கியபோது பஸ் நிலையம் கழுவி விட்டது போல இருந்தது. நாங்கள் கொஞ்சம் பேர் பாளையங்கோட்டையைப் பார்த்து நடந்தோம். ஆபீஸ் போகிறவர்கள், ஆஸ்பத்திரியில் ஆள் படுத்திருப்பவர்கள், கோர்ட்டில் வாய்தா உள்ள ஒருவர். ஆற்றுப்பாலத்தில் போலீஸ் வேன் நின்றது. எந்த ஊர் என்று ஒவ்வொருவரையும் கேட்டார்கள். ஊரைச் சொன்னால் ஆள் இன்னார் என்று தெரிந்துவிடுகிற காலம் அது. எனக்கு முன்னால் நின்ற இளைஞன் தன் ஊரைச் சொல்லத் தயங்கினான். அவனை ஒதுக்கி நிறுத்தினார்கள். எனக்கு வயதாகியிருந்தது, விட்டுவிட்டார்கள். பாலத்தின் கைப்பிடித் தூண்களை எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டேன்.

பரிசோதனைக்கூடத்தில் ஷட்டர் பாதி இறக்கியிருந்தது. குனிந்து போனேன். டாக்டர் உட்காரச் சொன்னார். உட்காரச் சொன்னால் கெட்டது என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

"ரெண்டும் நெறிதான். ரெண்டுலயும் கெட்டது ஒண்ணுமில்லை" என்றார்.

"எது என் சம்சாரத்தோடது?"

"எதுவா இருந்தா என்ன? ரெண்டும் நல்லதுன்னா உங்களுக்கும் நல்லது, ஆட்டுக்கும் நல்லது." அவரே சிரித்தார். "காய்ச்சல் கீய்ச்சல்ல கட்டியிருக்கும். போயிட்டு வாங்க. மூணு மாசத்துக்கு ஒருதடவை பெரிய டாக்டர்கிட்ட கழுத்தை மட்டும் காட்டிக்கோங்க."

நடந்தே ஜங்ஷனுக்குத் திரும்பினேன். சேரன்மகாதேவி வரைக்கும் மனசு லேசாகத்தான் இருந்தது. அங்கே வண்டி நின்றபோது அந்த அலமாரி கண்முன் வந்தது. டீச்சர் முன்வரிசையிலிருந்துதான் இரண்டு பாட்டில்களை எடுத்தாள். பின்னால் இன்னொரு வரிசை இருந்தது. அதில் சின்னப் பாட்டில் உண்டா, இல்லையா? ஆயா, "இதை ஒதுக்கிட்டு வச்சனோ" என்றாளே, எதை ஒதுக்கினாள்? வாழ்நாளெல்லாம் எண்ணியவன் அந்த அலமாரியை எண்ணவில்லை.

மனைவி சந்தோஷமாகத்தான் இருந்தாள். பக்கத்து வீட்டுக்கெல்லாம் பாயசம் கொடுத்தனுப்பினாள். மூன்று நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு என் சந்தேகத்தைச் சொன்னேன்.

"பின்வரிசையில இருந்தா இருந்துட்டுப் போகட்டும். பிள்ளைகள் பாத்துப் படிக்கட்டும்" என்றாள்.

"விளையாடாத. போயி ஒரு எட்டு பாத்துட்டு வந்திருதேன்."

"போனா, நல்லதுன்னு சொன்னதையும் இல்லாம ஆக்கிட்டு வருவிய. போகாதீங்க."

பஸ் திரும்ப ஓடத் தொடங்கியதும் போனேன். அலமாரி இருந்தது. பாட்டில் ஒன்றுகூட இல்லை. டீச்சர் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். அன்று நடந்தது தலைமை ஆசிரியை காதுக்குப் போய், பேர் தெரியாத சாமான் எதுவும் பள்ளிக்கூடத்தில் இருக்கக் கூடாது என்று அத்தனையையும் மைதானத்து மூலையில் குழி வெட்டிப் புதைக்கச் சொல்லிவிட்டாராம். அந்த மூலையைக் காட்டினாள். புதுமண் மேல் பிள்ளைகள் நொண்டி விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

மனைவியிடம், எல்லாம் பார்த்தேன், பின்வரிசையில் பாம்பும் தவளையும்தான் என்று சொல்லலாமா என்று ரயிலில் முழுக்க யோசித்தேன். வீட்டுக்கு வந்ததும் உள்ளதைத்தான் சொன்னேன். அவள் "ம்" என்றாள். அதற்கு மேல் அந்தப் பேச்சை எடுக்க விடவில்லை.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை பெரிய டாக்டரைப் பார்க்க இருவருமாகப் பாளையங்கோட்டை போனோம். காலை பாசஞ்சர், பிறகு டவுன் பஸ். அவளுக்கு எப்படியும் யாராவது இடம் கொடுத்துவிடுவார்கள். நான் அவள் இருக்கையை ஒட்டி நிற்பேன். மேலிருந்து பார்த்தால் காதுக்குக் கீழே தழும்பு தெரியும். தழும்பின் இந்தப் பக்கம், அந்தப் பக்கம், தாடையின் அடி என்று பார்த்துக்கொண்டே வருவேன். வெளிச்சம் மாறினால் புதிதாக ஒன்று தடித்திருப்பது போல இருக்கும். அடுத்த நிறுத்தத்தில் இருக்காது. டாக்டர் ஒவ்வொரு தடவையும் ஒன்றுமில்லை என்றுதான் சொன்னார். மூன்றாம் வருஷம் இனி வர வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். அப்புறமும் என்னை அந்தச் சந்தேகம் விடவில்லை. ஏதாவது காரணம் சொல்லி அவளை வெளிச்சத்துக்குக் கூப்பிடுவேன்.

கடைசியாகப் போன அன்று, வண்ணாரப்பேட்டைத் திருப்பத்தில் பஸ் சாய்ந்தபோது நான் குனிந்தே பார்த்துவிட்டேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. சேலைத் தலைப்பை எடுத்துக் கழுத்தைச் சுற்றி மூடிக்கொண்டாள்.

"வெளிய பாத்துக்கிட்டு வாங்க" என்றாள்.